மூன்று வாரக் கொன்னை

கண்கள் இரண்டையும் இறுக மூடிக்கொண்டு, வலது கையை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்வாசல் படியில் இறங்கினேன். மொத்தமே மூன்று படி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏறி இறங்குகிற படிகள். அன்று இரண்டாவது படியைக் காணவில்லை. "மெதுவா, மெதுவா" என்றார் அவர்.

விஷு விடியற்காலை. இது நடந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். காயலிலிருந்து சில்லென்று காற்று வந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு வீட்டில் அதற்குள் பட்டாசு வெடித்தார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விஷு அன்று கண் விழித்ததும் முதலில் பார்ப்பது கணியாக இருக்க வேண்டும். உருளி என்கிற வெண்கலப் பாத்திரத்தில் வெள்ளரிக்காய், மாங்காய், கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் கொன்னைப் பூ, நீங்கள் சரக்கொன்றை என்பீர்களே அது. அதற்கு முன் வேறு எதிலும் கண் படக்கூடாது. படுக்கையிலிருந்து கண்ணை மூடியபடியே யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கொச்சி மட்டாஞ்சேரித் தமிழர்கள். சித்திரைப் பிறப்பும் விஷுவும் எங்களுக்கு எப்போதோ ஒன்றாகிவிட்டன.

அந்த வருஷம் எங்கள் கணி வீட்டுக்குள் இல்லை. கொல்லையில் இருக்கும் கொட்டகையில், மண்பாண்டம் சுடும் கரண்டுச் சூளைக்குள் இருந்தது. அது என்னுடைய யோசனை. என் ஆயுசில் நான் செய்த மட்டமான காரியங்களில் முதலிடம் அதற்குத்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை, அது இரண்டாவது இடம்தான்.

மூடியைத் தொடுமுன்

சென்ற வாரம் படகுப் பயணங்கள் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ஏலூர் உரத் தொழிற்சாலையில் நீங்கள் என்னதான் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். மீட்டர் பார்த்தேன், ஐயா.

ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது என் உத்தியோகம். மட்டாஞ்சேரியில் படகு, அந்தப் பக்கம் இறங்கி இரண்டு பஸ். சாயந்திரம் திரும்பும்போது என் புடவையில் அம்மோனியா வாசனை இருக்கும். களமசேரியில் ஏறுகிற கல்லூரிப் பெண்கள் என் பக்கத்து சீட்டு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே இடப்பள்ளி வரை வருவார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது, காலை நீட்டிக்கொள்ளலாம்.

அங்கே படித்த பாடம் ஒன்றே ஒன்று. எந்த மூடியையும் தொடுமுன் மீட்டரைப் பார். புதிதாக வந்தவர்கள் யாராவது மறந்தால் நான் போடும் கூச்சல் அடுத்த கட்டடம் வரை கேட்கும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் மீட்டரைப் பார்க்காமல் மூடியைத் தொட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியவில்லை. கொல்லையில் முன்பு சுக்கு மூட்டை அடுக்கிய கொட்டகை காலியாகக் கிடந்தது. அதில் ஒரு சக்கரமும் சூளையும் போட்டேன். மண்ணுக்கு மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு எனக்குச் சட்டென்று பிடிபட்டது, அது முழுக்க ரசாயனம்தானே. சக்கரம் மட்டும் வசப்படவில்லை. எட்டு மாசம் முயன்று, ஒரு பக்கம் சாய்ந்த கிண்ணங்களாகச் செய்து குவித்தேன். என் வீட்டுக்காரர் அவற்றில் ஒன்றுகூடக் குறை சொல்லாமல் கறிவேப்பிலை நட்டார்.

அப்படி ஒரு நாள், தைத்த ரவிக்கையைக் கொடுக்க வந்தாள் சைனபா. மூன்று வீடு தள்ளி இருக்கிறவள். அப்போது தையல்தான் அவள் தொழில். "இதில் ஒண்ணு இருந்து பாக்கட்டா சேச்சி?" என்று கேட்டுவிட்டுச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். மண் அவள் சொன்னபடி கேட்டது. எனக்கு வந்த எரிச்சலை இப்போது சொன்னால் என்ன? சரியான எரிச்சல். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் புத்தி வந்து, அவள் வனையட்டும், நான் பூச்சு பார்க்கிறேன் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

சைனபா ராவுத்தர் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், என்னிடம் இரண்டும் கலந்து. பள்ளியில் படித்தது மலையாளம் என்பதால் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் இந்த அத்தியாயத்தை அனுப்புமுன் முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லித் திருத்தினாள். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

ஒன்றுபோல் இருபது

ஒரு நல்ல குவளை செய்வது அதிர்ஷ்டம். ஒன்றுபோல் இருபது செய்வதுதான் வேலை. வாயின் அகலம், அடியின் கனம், கைப்பிடி உட்காரும் இடம் என்று எல்லாம் ஒன்றாக வர வேண்டும். நாலாவதிலேயே கைக்கு அலுத்துவிடும். பன்னிரண்டாவதில் கை தானாக ஓடத் தொடங்கும். அதற்கு மேல் செய்பவரைக் கூப்பிட்டால் காதில் விழாது. சைனபா பதினைந்தாவது குவளையில் இருக்கும்போது கொட்டகை தீப்பிடித்தாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

வருஷா வருஷம் மாசி, பங்குனியில் ஒரு வரிசை செய்வோம். மழைக்காலத்தில் இங்கே மண் காயாது, உப்புக் காற்று வேறு. வெயில் இருக்கும்போதே முடித்தாக வேண்டும். அந்தக் காலத்தில் என்ன பூக்கிறதோ அதுவே சித்திரம். ஒரு வருஷம் மாம்பூ. ஒரு வருஷம் முருங்கைப்பூ. இன்னொரு வருஷம் வேலியோரத்துக் கல்யாண முருங்கையின் சிவப்பு. அந்தச் சிவப்பு என்னை ஆறு மாசம் பாடாய்ப் படுத்தியது.

வரைவது நான், வனைவது அவள். அடியில் 'வை' என்று என் பெயரின் முதலெழுத்து முத்திரை. வைதேகியின் குவளைகள் என்றுதான் வாங்குகிறவர்கள் சொல்வார்கள். சைனபா அதைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

கணி சூளைக்குள் போன அந்த வருஷம், மாசி பிறந்ததும் சைனபா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இந்தப் பிராவசியம் நான் வரைக்கட்டே சேச்சி?" இந்தத் தடவை சித்திரம் அவளுடையதாம்.

நான் பெரிய மனசு பண்ணிச் சரி என்றேன்.

விழுந்த பிறகு

எங்கள் சந்து திரும்பும் இடத்தில், பழைய மசாலா கிடங்கின் மதிலையொட்டி ஒரு கொன்னை நிற்கிறது. கிடங்குக்கு எதிர்வீடு சைனபாவுடையது. விழுகிற பூவெல்லாம் அவள் வாசலில்தான் விழும், காலையில் பெருக்குவதும் அவள்தான். அவள் வரைய எடுத்துக்கொண்டது அந்த மரம். ஒரே மரம், இருபத்தொரு நாள், இருபத்தொரு குவளை. தினமும் காலை எட்டு மணிக்கு மரம் எப்படி இருக்கிறதோ அது அன்றைய குவளை.

முதல் வாரம் வெறும் கிளையும் மொட்டும். இரண்டாம் வாரம் பூத்துக் குலுங்கல். மூன்றாம் வாரம் முழுக்க உதிர்தல். அந்த ஏழிலும் மரமே இல்லை. மதில் மேல் இதழ், ஸ்கூட்டர் சீட்டில் இதழ், சாக்கடை நீரில் மிதக்கும் இதழ். கடைசிக் குவளையில் பூவே இல்லை. பெருக்கின தரை மட்டும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, பச்சை மண்ணில் அதனாலேயே கோடு கீறியிருந்தாள்.

"உதிர்ந்த பூவை யாருடீ வாங்குவா?" என்று கேலி செய்தேன்.

"பூத்து நிக்கறதை எல்லாரும் ஃபோட்டோ எடுத்துட்டுப் போறாங்க சேச்சி. விழுந்ததுக்கு அப்புறம் நான் மாத்திரம்தானே பாக்கறேன்" என்றாள்.

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கிடங்கைச் சித்திரக் கண்காட்சிக்கான ஹாலாக மாற்றியிருந்தார்கள். அதை நடத்துகிறவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்குச் சாயா குடிக்க வந்தவர், பலகையில் காய்ந்துகொண்டிருந்த குவளைகளைப் பார்த்தார். முதலிலிருந்து கடைசிவரை நடந்தார், மறுபடி திரும்பி நடந்தார். விஷு கழிந்த மறுவாரம் சைனபா பெயரில் தனியாக வைக்கலாம் என்றார். அவள் பெயரில். அன்று சாயாவுக்கு இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டாள்.

சூளையில் அடுக்குவதையும் அவளே செய்தாள். மூன்று தட்டு, தட்டுக்கு ஏழு, கதவுக்கு நேராக முன்வரிசையில். மேல்தட்டு முதல் வாரம், நடுத்தட்டு இரண்டாவது, கீழ்த்தட்டு மூன்றாவது. கதவைத் திறந்தால் மூன்று வாரமும் ஒன்றாகக் கண்ணில் பட வேண்டும் என்றாள். வனைந்தவளுக்கும் தன் குவளை எப்படி வெந்திருக்கிறது என்று தெரிவது கதவு திறக்கும் அந்த நொடியில்தான். முதல் பார்வை செய்தவருக்கு. எங்கள் கொட்டகையில் எழுதாத சட்டம் அது.

விஷுவுக்கு முந்தின நாள் விடியலில் சூளையை அணைத்தோம். ஆற ஒன்றரை நாள் வேண்டும். "நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுதுட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிளாஸ்டிக் பூ

அன்று மாலை கணி வைக்க உட்கார்ந்தேன். கொன்னை இல்லை. இப்போதெல்லாம் மரத்துக்கு நாள் கிழமை தெரிவதில்லை. வெயில் முன்கூட்டியே ஏறிவிட, எங்கள் சந்துக் கொன்னை பங்குனி பாதிக்குள்ளேயே பூத்து உதிர்ந்து முடித்திருந்தது. என் வீட்டுக்காரர் சந்தையெல்லாம் சுற்றிவிட்டு ஒரு கொத்து கொண்டு வந்தார். பிளாஸ்டிக்.

"தூரத்துலேர்ந்து பார்த்தா தெரியாது" என்றார் பாவம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் முதலில் பார்ப்பது பிளாஸ்டிக்கா? அப்போதுதான் அந்த எண்ணம் தோன்றியது. இருபத்தொரு கொன்னை நம் கொல்லையிலேயே இருக்கிறதே. கதவை ஒரு நொடி திறந்து, கண் குளிரப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். யாருக்கு நஷ்டம்? சைனபாவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் முத்திரை குத்திய பழக்கம்.

ஆக, அந்த விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு கொட்டகைக்குள் நின்றேன். முகத்தில் வெப்பம் பட்டது. "சூடு அடிக்குதே, வைதேகி" என்றார் அவர். சூளை என்றால் சூடாகத்தான் இருக்கும் என்று ஒரு போடு போட்டேன்.

மீட்டர் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, சிவப்பு எண்களோடு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. கணிக்கு முன் வேறெதிலும் கண் படக்கூடாதே. கையுறையைப் போட்டுக்கொண்டு, தடவித் தடவித் தாழ்ப்பாளை விலக்கி, கதவை அகலத் திறந்து, கண்ணைத் திறந்தேன்.

இருபத்தொன்றும் முழுசாக நின்றன. சூட்டில் அந்தப் பூச்சின் மஞ்சள் ஒரு படி கூடுதலாகத் தெரியும், ஆறினால் அடங்கிவிடும். அந்தக் கூடுதல் மஞ்சளில் மூன்று வாரமும் என் முன்னால் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்தாறு மூச்சு விடும் நேரம் இருக்கும்.

காயல் காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து உள்ளே வந்தது. டிங்.

பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்து. கீழ்த்தட்டில் ஒரு குவளை வாயிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். கதவை அறைந்து மூடினேன். மூடிய பிறகும் உள்ளே டிங், டிங் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் மீட்டரைப் பார்த்தேன். இருநூற்றைத் தாண்டி நின்றது. நூறுக்குக் கீழே வராமல் திறக்கக்கூடாது என்று கதவில் என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

நாலு நாள்

இந்த இடத்தில்தான் சைனபா வாசிப்பை நிறுத்தினாள். மேலே, நான் செய்ததிலேயே மட்டமான காரியம் சூளையைத் திறந்ததுதான் என்று எழுதியிருந்தேன். "அது இல்ல சேச்சி. திறந்தது புத்திமோசம். அதுக்கப்புறம் மிண்டாம, ஒண்ணும் சொல்லாம இருந்தீங்களே, அதை எழுதுங்க" என்றாள். அதனால்தான் இதை இரண்டாவது இடத்துக்குத் தள்ளினேன். முதலிடம் இனிமேல் வருகிறது.

மத்தியானம் புதுச் சுரிதார் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவளே கதவைத் திறந்தாள். பிறகு குனிந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். நடுத்தட்டில் இரண்டு, கீழ்த்தட்டில் ஏழும். மொத்தம் ஒன்பது. மூன்றாம் வாரம் முழுக்கப் போயிருந்தது.

உடைந்த ஓர் அடியைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தாள். "அடி கனம் கூடிப்போச்சு. என் கைக்குற்றம்தான்" என்றாள்.

சொல்ல வாய் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாயா போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

கண்காட்சிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மறுநாளே அவள் திரும்பச் செய்ய உட்கார்ந்தாள். அடியை மெல்லிசாக இழைத்தாள். அவை காயும்போதே வளைந்தன, வளையாமல் என்ன செய்யும்? சரியாக இருந்த அளவை அல்லவா அவள் மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் பூச்சு கலக்கினேன். இன்று சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நாலு நாள். ராத்திரி என் வீட்டுக்காரர், "எப்போ சொல்லப் போறே?" என்று கேட்டால் அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

நாலாம் நாள் சக்கரத்தைக் கழுவித் துடைத்து வைத்தாள். ஹால்காரரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள்.

"எனக்கு இது ஒத்து வராது சேச்சி. நீங்க வரைஞ்சு தாங்க, பண்டுபோல நான் செஞ்சு தாரேன். அது மதி."

அது போதுமாம். பத்து வருஷத்துக்கு மேலாக நான் யோசிக்காமல் பிடுங்கி வைத்திருந்ததை, இப்போது அவளே என் கையில் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறாள். வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை.

"உன் அடி சரியாத்தான் இருந்துது, சைனபா. விஷு அன்னிக்கு விடியக்காலம் நான் சூளையைத் திறந்தேன்" என்றேன். கணி, பிளாஸ்டிக் பூ, மீட்டர், டிங், மத்தியானம் அவள் வந்தபோது ஒன்றும் தெரியாதவள்போல நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். பாதியிலேயே அவள் கைகழுவத் தொடங்கியிருந்தாள். நான் முடித்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது இடம்

இரண்டு நாள் வரவில்லை. அவள் வீட்டு வாசல் வழியாகப் போக எனக்குத் தைரியமில்லாமல் மீன் வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் காலை வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"இருபத்தொண்ணும் முழுசாக் கண்டீங்க, அல்லே?"

"கண்டேன்."

"எங்ஙனே இருந்துச்சு?"

சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "இங்கே வேண்டாம். கண்காட்சி நடக்கட்டும், ஹாலுக்கு வந்து எல்லார்கிட்டேயும் சொல்லுங்க. கண்டது நீங்க மாத்திரம்தானே."

ஹாலின் நீளச் சுவரில் இருபத்தொரு சின்னப் பலகை அடித்திருந்தார்கள். பன்னிரண்டில் குவளை இருந்தது. ஒன்பது காலி. உடைந்த துண்டுகளை வைக்கலாமே என்று ஹால்காரர் கேட்டதற்குச் சைனபா சம்மதிக்கவில்லை. உடைந்ததைப் பார்த்துப் பாவம் என்பார்கள், அவள் செய்ததைப் பார்க்க மாட்டார்கள் என்றாள். சுவரில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. காலிப் பலகைகளுக்கு முன்னால் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது.

ஆட்கள் வந்தார்கள். இங்கே ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டார்கள். ஆறுமுன் சூளையைத் திறந்து நான்தான் உடைத்தேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். முதல் தடவை பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். ஐந்தாவது தடவை கொஞ்சம் எளிதாக வந்தது. பிறகு அந்த இடத்தில் என்ன இருந்தது என்று சொன்னேன். பதினைந்தில் மதில் மேல் மூன்று இதழ். பதினாறில் ஸ்கூட்டர் சீட்டின் கிழிசலுக்குள் ஒன்று. பதினெட்டில் சாக்கடை நீர் வழியெல்லாம் மஞ்சள், ஓரத்தில் மட்டும் கறுப்பு. சூட்டில் அந்த மஞ்சள் எப்படி இருந்தது என்பதையும் சொன்னேன்.

சாயந்திரம் ஒரு கல்லூரிக் கும்பல் வந்தது. அவர்களிடம் கடைசிப் பலகையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதில் பூ கிடையாது. பெருக்கின தரைதான். ஈர்க்குச்சி கீறின கோடு ஒவ்வொன்றிலும் பூச்சு இறங்கித் தேங்கியிருந்தது, அதனால் இப்போதுதான் பெருக்கித் தண்ணீர் தெளித்த மாதிரி ஈரமாகத் தெரிந்தது. பார்த்ததும் யாரோ அந்த நொடியில்தான் விளக்குமாற்றை வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. இப்படிச் சொல்லும்போது நிமிர்ந்தேன். கும்பலுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து சைனபா நின்றிருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள்.

பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போனார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க சேச்சி" என்றாள். "பதினஞ்சிலேர்ந்து."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் கையைப் பிடித்துப் பதினைந்தாவது பலகைக்கு முன்னால் கூட்டிப் போய் நிறுத்திவிட்டு, மதிலிலிருந்து தொடங்கினேன்.